தென்னாப்பிரிக்காவில் இனப்பாகுபாட்டு எதிர்ப்பு: நான்கு தலைமைகளின் ஒப்பீடு

தென்னாப்பிரிக்க இந்தியர்மீது சுமத்தப்பட்ட இனப்பாகுபாட்டுச் சட்டங்களை எதிர்த்து இரண்டு பெரும் போராட்டக் காலங்கள் நிகழ்ந்தன. முதலாவது 1906 முதல் 1914 வரை நடந்த சத்தியாக்கிரகம். இரண்டாவது 1946இல் டர்பனில் தொடங்கி 1950களில் ஆப்பிரிக்கரின் விடுதலை இயக்கத்தோடு கலந்த சாத்விக எதிர்ப்பு. மோ. க. காந்தி, தம்பி நாயுடு, தில்லையாடி வள்ளியம்மை, மான்டி நாயக்கர் ஆகிய நால்வரும் இவற்றில் நான்கு வகையான தலைமைக்கு எடுத்துக்காட்டானவர்கள். காந்தி நீங்கலாக மற்ற மூவரும் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்தவர்களின் வழியில் வந்தவர்கள்.

முதல் போராட்டத்தைத் தமிழகத்திலிருந்து ஆதரித்து, பிறகு அதன் வழிமுறையை இங்கே கையாண்ட சி. இராசகோபாலாச்சாரியார், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். ஓசூர், சூளகிரி வட்டாரத்துக்கு இந்த வரலாற்றோடு உள்ள தொடர்பு அவர் வழியாக அமைகிறது.

பின்னணி

நேட்டால் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும் வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு போன்ற மாவட்டங்களின் பஞ்சமும் கடனும் நிலமின்மையும் இவர்களைத் துரத்தின.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. அது முடிந்தபின் அங்கேயே தங்கி உழைத்து முன்னேறுவோரை வெள்ளையர் விரும்பவில்லை. மறு ஒப்பந்தமும் செய்யாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்கியவர் ஆண்டுதோறும் 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என 1895இல் சட்டம் வந்தது. பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும்கூட இந்த வரிக்கு உட்பட்டனர். மாதக் கூலி மிகக் குறைவாக இருந்த நிலையில், மறுபடியும் ஒப்பந்தத்துக்குள் தள்ளுவதே வரியின் நோக்கம். டிரான்ஸ்வாலில் கைரேகை பதித்துப் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற ஆசியர் சட்டம் 1907இல் நடைமுறைக்கு வந்தது. கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்களைச் செல்லாதவையாக்கிய நீதிபதி சியர்லின் தீர்ப்பு 1913 மார்ச் மாதம் வெளியானது. வணிகரைப் பதிவுச் சட்டமும், தொழிலாளரைத் தலைவரியும், பெண்களைத் திருமணத் தீர்ப்பும் களத்துக்கு இழுத்தன.

மோ. க. காந்தி: விதியும் பேச்சுவார்த்தையும்

1893இல் ஒரு வணிக வழக்குக்காக டர்பன் வந்த காந்தி, 1894இல் நேட்டால் இந்திய காங்கிரசையும் 1903இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழையும் தொடங்கச் செய்தார். அந்த இதழ் தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து, ரத்தம் கசியத் தம் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியின் வழக்கை நடத்தி வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டதே, ஒப்பந்தக் கூலிகளோடு அவருக்கு ஏற்பட்ட முதல் நெருக்கம்.

காந்தியின் தலைமைக்கு அச்சாணி ஒழுங்கு. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடியோர் பணியமாட்டோம் என உறுதி ஏற்றபோது, அந்த உறுதியின் விளைவுகளை ஒவ்வொன்றாக அவர் எடுத்துச் சொன்னார்: சிறை, பட்டினி, சொத்திழப்பு, நாடு கடத்தல். தாங்க முடியாதவர் உறுதி எடுக்க வேண்டாம் என்றார். 1913 நவம்பர் 6 அன்று, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருடன் நேட்டாலின் சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை தாண்டிப் புறப்பட்ட அணிவகுப்பில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் இருந்தனர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும் என்பது வரை அளந்து ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நான்கு நாட்களில் மூன்று முறை காந்தியைக் கைது செய்தும் அணிவகுப்பு சிதறவில்லை.

எதிரியின் நெருக்கடியைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ள அவர் மறுத்தது இன்னொரு பண்பு. 1914 சனவரியில் வெள்ளை ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அரசு திணறியபோது, தாம் அறிவித்திருந்த அடுத்த அணிவகுப்பை ஒத்திவைத்தார். அமைச்சர் யான் ஸ்மட்சுடன் பேச்சு தொடர அது வழி திறந்தது. அவ்வாண்டு நடுவில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது. இந்தியத் திருமணங்களுக்கு ஏற்பு தந்தது.

குறைகளும் தெளிவானவை. 1908 சனவரியில் சிறையிலிருந்தபடி ஸ்மட்சுடன் செய்த சமரசம் சமூகத்தில் பலருக்குத் துரோகமாகப் பட்டது. பிப்ரவரி 10 அன்று காந்தி தெருவில் தாக்கப்பட்டார். முடிவைத் தானே எடுத்துவிட்டு மக்களைப் பின்னர் இணங்கவைக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. வணிகரின் உரிமைகளே முதல் ஆண்டுகளில் முன்னின்றன. தலைவரி போராட்டக் கோரிக்கையானது 1913இல்தான். ஆப்பிரிக்கரை இழிவாகக் குறிப்பிடும் தொடர்கள் அவருடைய தொடக்ககால எழுத்தில் உள்ளன. அவர் நடத்திய போராட்டம் இந்தியரின் போராட்டமாகவே தொடங்கி அப்படியே முடிந்தது.

தம்பி நாயுடு: களத்தின் கை

கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு 1875இல் மொரீசியசில் பிறந்தார். சென்னை மாகாணத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள் அவருடைய பெற்றோர். 1889இல் தென்னாப்பிரிக்கா வந்து ஜோகன்னஸ்பர்க்கில் வணிகத்திலும் வண்டிப் போக்குவரத்திலும் ஈடுபட்டார். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி, ஆங்கிலம் ஆகியவற்றில் மேடையேறிப் பேசும் திறம் இருந்தது. ஜோகன்னஸ்பர்க் தமிழ் நலச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

1907இல் பதிவு அலுவலகங்களின் வாசலில் மறியல் நடத்தும் தொண்டர்களுக்கு அவரே தலைமை ஏற்றார். 1908 சனவரியில் சிறையிலிருந்து ஸ்மட்சுக்கு அனுப்பிய சமரசக் கடிதத்தில் காந்தியோடு கையெழுத்திட்ட இருவர் தம்பி நாயுடுவும், சீனர் சங்கத் தலைவர் லியுங் குயினும். சமரசத்தை வெறுத்தவர்கள் காந்தியைத் தாக்கியபோது நடுவே பாய்ந்து தடுத்துக் காயம்பட்டவரும் தம்பி நாயுடுதான். பலமுறை சிறை சென்று தம் தொழிலையும் வருவாயையும் இழந்தார்.

அவருடைய திறன் முழுமையாக வெளிப்பட்டது 1913 அக்டோபரில். சத்தியாக்கிரகக் குடும்பங்கள் தங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புடைய 11 பெண்கள், கைதாகும் நோக்கில் அனுமதியின்றி எல்லை தாண்டியும், உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றும் பார்த்தனர். அப்போது அரசு கைது செய்யவில்லை. பிறகு அவர்கள் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்க நகரான நியூகாசிலுக்குச் சென்றனர். தம்பி நாயுடு உடன் சென்று, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவரவர் மொழியில் பேசி வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தார். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். தொடர்ந்து கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. காந்தியின் அணிவகுப்புக்கு ஆள்பலம் வந்தது இந்த வேலையிலிருந்து.

தம்பி நாயுடு சுமை தூக்கவும் தயங்காதவர், இரவு பகல் பாராதவர் எனப் பாராட்டும் காந்தி, அவருடைய முன்கோபம் மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் சமூகத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றிருக்கக்கூடும் என்று தம் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றில் குறிப்பிடுகிறார். காந்தி இந்தியா திரும்பியபோது தம் நான்கு மகன்களைத் தம்பி நாயுடு அவரிடம் ஒப்படைத்தார். 1933இல் காலமானார். மகன் நாரணசாமி 1946 எதிர்ப்பில் முன்னின்றார். பேரன் இந்திரேஸ் நாயுடு ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவில் சேர்ந்து ராபன் தீவில் பத்து ஆண்டுகள் சிறையிருந்தார். அறவழியிலிருந்து ஆயுத வழிக்கு அந்நாட்டின் போராட்டம் நகர்ந்ததை இந்த ஒரே குடும்பத்தில் காணலாம்.

வள்ளியம்மை: பதவியில்லாத தலைமை

ஜோகன்னஸ்பர்க்கில் 1898 பிப்ரவரி 22 அன்று பிறந்த வள்ளியம்மையின் பெற்றோர் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைச் சேர்ந்தவர்கள். 1913இல் தாயோடு போராட்டத்தில் இறங்கிய அவருக்கு டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கடும் காய்ச்சல் கண்டது. விடுதலையாகி வீடு திரும்பிச் சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, தம் பதினாறாம் பிறந்தநாளில் உயிரிழந்தார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என நோயுற்ற நிலையில் காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்று அவர் விடையளித்ததாகக் காந்தி எழுதியுள்ளார்.

வள்ளியம்மை எந்தக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கியவர் அல்லர். எனினும் தலைமை பற்றிய ஒப்பீட்டில் அவரை விட முடியாது. பதவியும் பேச்சும் இல்லாத ஒருவர் எடுக்கும் முடிவு பலரை அதே முடிவுக்குக் கொண்டுவருமானால் அதுவும் தலைமையே. பெண்கள் சிறை சென்ற செய்தியே நியூகாசில் தொழிலாளரை உலுக்கியது எனக் காந்தி பதிவு செய்கிறார். அணிவகுப்பில் இரு குழந்தைகள் இறந்தும் தாய்மார் திரும்பாமல் நடந்தனர்.

வள்ளியம்மைக்கு முன்னும் தமிழர் உயிர்ப்பலி உண்டு. சிறையில் நோயுற்ற நாகப்பன் விடுதலையானவுடன் 1909 சூலையில் இறந்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பிவந்தபோது கரையிறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910 அக்டோபரில் கப்பலிலேயே மடிந்தார். நாகப்பன், வள்ளியம்மை ஆகியோருக்கான நினைவுக் கற்களை 1914 சூலையில் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் காந்தி திறந்துவைத்தார். 1915இல் தரங்கம்பாடிப் பகுதிக்கும் வந்து சென்றார். இந்திய அஞ்சல் துறை 2008இல் வள்ளியம்மைக்குத் தபால்தலை வெளியிட்டது.

மான்டி நாயக்கர்: கூட்டணியின் தலைமை

கங்காதுர மோகாம்பரி நாயக்கர் 1910இல் டர்பனில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1934இல் திரும்பினார். அப்போது நேட்டால் இந்திய காங்கிரசு வசதியான வணிகர்களின் கையில் இருந்தது. அரசோடு இணங்கிப்போவதே அவர்கள் வழி. தொழிற்சங்கத்தாரையும் இளைஞரையும் சேர்த்துக்கொண்டு நாயக்கர் அணியினர் 1945 அக்டோபரில் அமைப்பின் தலைமையைக் கைப்பற்றினர்.

அடுத்த ஆண்டு, இந்தியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தனிப் பகுதிகளை வரையறுத்த ஆசியர் நிலவுரிமைச் சட்டம் வந்தது. 'சேரிச் சட்டம்' என்று மக்கள் அதை அழைத்தனர். அப்போதைய பிரதமர், முன்பு காந்தியோடு பேரம் பேசிய அதே ஸ்மட்ஸ். 1946 சூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் கூடும் மூலையில், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட காலிமனையில் தொண்டர்கள் கூடாரமடித்து அமர்ந்தனர். வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. தொண்டர்கள் திருப்பி அடிக்கவில்லை. 1948 வரை ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றனர். நாயக்கரும், தமிழ் மருத்துவர் கூனமும் அவர்களில் அடங்குவர். ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியா இந்தப் பிரச்சினையை எழுப்ப, 1946 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது.

1947 மார்ச் 9 அன்று நாயக்கரும், டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் யூசுப் தாதூவும், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுத் தலைவர் ஆல்ஃபிரெட் குமாவும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அது 'மருத்துவர்கள் ஒப்பந்தம்' எனப் பெயர் பெற்றது. வாக்குரிமை முதல் நடமாட்ட உரிமை வரை எல்லா இனத்தாருக்கும் சேர்ந்தே கேட்பது என்பது அதன் சாரம்.

இந்த உறவுக்கு மிகக் கடுமையான சோதனை 1949 சனவரியில் வந்தது. டர்பனில் இந்தியருக்கு எதிராக ஆப்பிரிக்கர் கலவரம் மூண்டு, இரு தரப்பிலுமாக 142 பேர் மாண்டனர். இந்தியர் பலர் தங்களுக்குள் ஒதுங்க விரும்பிய நேரம் அது. நாயக்கர் ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. ஆப்பிரிக்கத் தலைவர்களோடு சேர்ந்து அமைதிக்கு அழைப்பு விடுத்தார். 1952இன் சட்ட மறுப்பு இயக்கத்தில் இரு சமூகத்தாரும் ஒன்றாகச் சிறை சென்றனர். நாடு முழுவதும் 8,000க்கு மேற்பட்டோர் கைதாயினர். 1956 டிசம்பரில் தேசத்துரோக வழக்கில் பிடிக்கப்பட்ட 156 பேரில் ஆல்பர்ட் லுத்துலி, நெல்சன் மண்டேலாவோடு நாயக்கரும் ஒருவர். பல ஆண்டுகள் தடையுத்தரவுகளால் வாய்பூட்டப்பட்டிருந்த அவர் 1978 சனவரி 12 அன்று காலமானார்.

ஒப்பீடு

முடிவெடுக்கும் முறை: காந்தி தம் மனச்சான்றின்படி முடிவெடுத்து, அதன் பொறுப்பைத் தாமே சுமந்தார். நாயக்கர் அமைப்பின் வழியே, தேர்தல், தீர்மானம், கூட்டறிக்கை என நடந்தார். முதல் முறை நெருக்கடியில் விரைவு தந்தது; பிளவையும் விளைவித்தது. இரண்டாவது மெதுவானது, ஆனால் தலைவர் சிறைப்பட்டாலும் இயக்கம் நிற்காமலிருக்க உதவியது.

ஆள் திரட்டல்: இதில் முதலிடம் தம்பி நாயுடுவுக்கு. கூலித் தொழிலாளி நாள்கூலியை விட்டுவிட்டு வரவேண்டுமென்றால், அழைப்பவர் தன்னைப் போன்றவராக, தன் மொழி பேசுபவராக இருக்க வேண்டும். வழக்குரைஞர் காந்திக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் இடையில் இருந்த தொலைவை அடைத்தவர்கள் அவரும் அந்தப் பெண்களும்.

இழப்பைப் பகிர்தல்: நால்வருக்கும் பொதுவான பண்பு இதுவே. பிறரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வெளியே இருந்தவர் எவருமில்லை. வள்ளியம்மை உயிரையே இழந்தார். தம்பி நாயுடு தொழிலை இழந்தார். நாயக்கர் பேசும் உரிமையை இழந்தார்.

எதிரியோடு பேசுதல்: காந்தி இதில் ஒப்பற்றவர். ஆனால் அவர் பெற்றுத் தந்த சட்டம் வணிக உரிமம், நிலவுரிமை, மாகாணங்களுக்கு இடையே நடமாடும் உரிமை ஆகியவற்றைத் தொடவில்லை. விட்டுப்போன நிலவுரிமையே 1946இல் மீண்டும் வெடித்தது.

பிற ஒடுக்கப்பட்டோருடன் உறவு: நாயக்கரின் தனிச்சிறப்பு இது. இந்தியருக்கு மட்டும் சலுகை கேட்டால் ஆட்சியாளர் ஒரு சமூகத்தை இன்னொன்றோடு மோதவிடுவார் என்பதை அவர் கண்டுகொண்டார். 1946 எதிர்ப்பு ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு முன்மாதிரியாக அமைந்ததை மண்டேலா தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்.

கிருஷ்ணகிரி மாவட்டத் தொடர்பு

தென்னாப்பிரிக்கச் செய்திகள் தமிழகத்தை உடனுக்குடன் எட்டின. நாடு கடத்தப்பட்டுச் சென்னையில் இறங்கிய தமிழருக்குப் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் உணவும் இடமும் தந்து ஆதரித்தார். 1913 நவம்பரில் சென்னையில் பேசிய வைசிராய் ஹார்டிஞ்சு, போராடும் இந்தியர்க்கு வெளிப்படையாகப் பரிவு தெரிவித்தார். சேலத்தில் வழக்குரைஞராக இருந்த இராசகோபாலாச்சாரியார், காந்தியின் சிறை அனுபவக் கட்டுரைகளை மறுபதிப்பிட்டுத் திரட்டிய பணத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார். இருவரும் நேரில் சந்தித்துப் பழகியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1919இல்.

1878 டிசம்பர் 10 அன்று பிறந்த இவர் ஓசூரில் பள்ளிப் படிப்பையும் பெங்களூரில் கல்லூரிப் படிப்பையும் தொடர்ந்தவர். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு அவர் நடத்திய உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம், அளந்த எண்ணிக்கையில் தொண்டர்கள், முன்பே வகுத்த வழித்தடம், கட்டுப்பாடு ஆகியவற்றில் 1913 அணிவகுப்பின் வாரிசு.

இன ஒதுக்கலை எதிர்த்தவர்கள் சொந்த ஊரின் சாதி ஒதுக்கலை எப்படி அணுகினர் என்பது தமிழர் எழுப்பவேண்டிய கேள்வி. இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்டோரின் நுழைவு நிகழ்ந்தது; அதற்குச் சட்டப் பாதுகாப்பையும் அவர் அரசு அளித்தது. அவரே 1953இல் கொண்டுவந்த அரைநாள் கல்வித் திட்டம் குலத்தொழிலைப் பிள்ளைகள்மீது திணிப்பதாகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, அவர் பதவி விலகியபின் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய இரட்டைமலை சீனிவாசன், 1930இல் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து ஒடுக்கப்பட்டோர் உரிமையைக் கேட்டார். கடலுக்கு அப்பால் இந்தியர் வெள்ளையரிடம் கேட்ட நீதியை இங்கே சாதி இந்துக்களிடமும் அவர் கேட்டார்.

இன்றைய பொருத்தம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் அமைந்த சூளகிரி, இன்று சிப்காட் தொழிற்பூங்காவும் ஆலைகளும் சூழ்ந்த ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை நெடுங்காலமாக வழங்கும் இவ்வட்டாரத்தில், வடமாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளரின் இந்தியும் ஒடியாவும் இப்போது கேட்கின்றன. இன்றைய ஒப்பந்த வேலை அன்றைய ஒப்பந்தக் கூலிமுறை அன்று. சட்டமும் உரிமைகளும் வேறு. ஆயினும் பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவரை மொழியாலும் தோற்றத்தாலும் தாழ்த்திப் பேசும் வழக்கம் எங்கும் முளைக்கக்கூடியது. நேட்டாலில் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லால் வழக்குரைஞர் முதல் சுரங்கத் தொழிலாளி வரை எல்லா இந்தியரையும் இழிவாக அழைத்தனர். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் நம் முன்னோர்.

மதிப்பீடு

இந்த நால்வரில் ஒருவரை மட்டும் சிறந்த தலைவர் எனத் தேர்ந்தெடுக்க வரலாறு இடம் தரவில்லை. காந்தியின் ஒழுங்கு இல்லாமல் 1913 வேலைநிறுத்தம் கலவரமாகியிருக்கலாம். தம்பி நாயுடுவும் பெண்களும் இல்லாமல் வேலைநிறுத்தமே நடந்திராது. வள்ளியம்மை போன்றோரின் உறுதி இல்லாமல் அதன் தார்மீக வலிமை உலகுக்குத் தெரிந்திராது. எனினும் இனநீதி என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் நாயக்கரின் பார்வையே மிக விரிந்தது. தம் சமூகத்துக்குக் கேட்ட உரிமையை அடுத்த சமூகத்துக்கும் கேட்டார். அந்தச் சமூகத்தோடு மோதல் மூண்டபோதும் பின்வாங்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் மேடைகளிலும் வள்ளியம்மைக்குக் கிடைத்த இடம் தம்பி நாயுடுவுக்கும் மான்டி நாயக்கருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைக்க வேண்டும்.